வலையில் நிற்காதவர்கள்

இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. சிங்கம், நரி என்றால் கவலையில்லை. அவற்றைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். இது கண்ணுக்கே தெரியாத உயிர்களின் கதை. கூட்டிச் சொன்னால் பொய் என்பீர்கள். குறைத்துச் சொன்னால் அந்த உயிர்களுக்கு நான் அநியாயம் செய்தவளாவேன். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

கடலோரத்தில் ஓர் உப்பங்கழி இருந்தது. கழியின் நடுவில் கடற்புல் அடர்ந்து காடாக வளர்ந்திருந்தது. அந்தப் புல்காட்டில் பவளாயி என்ற கடற்குதிரையும் அவள் கணவன் சங்கிலியும் குடியிருந்தார்கள்.

பவளாயிக்கு எதைக் கண்டாலும் பயம். நீரோட்டம் கொஞ்சம் வேகமாக வந்தால் பயம். மேலே மேகம் நகர்ந்தால், பெரிய மீனின் நிழலோ என்று பயம். எந்த நேரமும் வாலால் ஒரு புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

அந்த வருஷம் அவள் பயம் இரண்டு மடங்கானது. கடற்குதிரைகளில் பிள்ளை சுமப்பது ஆண்தான். சங்கிலியின் வயிற்றுப் பை உப்பத் தொடங்கியிருந்தது.

"ஏங்க, ஆடாதீங்க! பிள்ளைங்களுக்கு ஆகாது!"

"அடியே, மூச்சாவது விடலாமா?"

"மெதுவா விடுங்க!"

அவர்களுக்குச் சாப்பாடு அந்தக் கழியில் எங்கும் மிதந்துகொண்டிருந்த பொடிகள். கசகசா விதையை விடச் சின்ன உயிர்கள் அவை. நெற்றியில் ஒரே ஒரு கண். மீசை போல இரண்டு நீளமான கொம்புகள். கால்களைத் துடுப்புப் போல வீசி, விட்டு விட்டுத் தாவும். பெண் பொடிகள் வாலுக்கு இரண்டு பக்கமும் முட்டைகளை மூட்டை கட்டிச் சுமந்துகொண்டு திரியும். அவற்றில் ஒருத்திக்கு எள்ளாயி என்று பெயர். எள்ளில் பாதிகூட இருக்கமாட்டாள். பேர் மட்டும் எள்ளாயி.

அந்தக் கழியில் ஒரு வழக்கம் இருந்தது. சித்திரை வெயிலில் கடல் உள்வாங்கும். மணல் சேர்ந்து, கழி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடைத்துவிடும். பிறகு மழை வரும்வரை யாரும் வெளியே போக முடியாது, யாரும் உள்ளே வர முடியாது. உள்ளே இருப்பதைக் கொண்டுதான் எல்லோரும் பிழைக்க வேண்டும். அதனால் முகத்துவாரம் அடைபட்டதும் நாட்டாமை அளவு பார்ப்பார். கொடுவா மீன்தான் நாட்டாமை.

அளவு பார்ப்பது எப்படித் தெரியுமா? கழியின் ஓரத்தில் ஒரு பழைய படகு மூழ்கிக் கிடந்தது. அதில் ஒரு கிழிந்த வலைத்துண்டு சிக்கியிருந்தது. ஒவ்வொரு கூட்டமாக அந்த வலைக்குள் புக வேண்டும். நண்டு வலையைத் தூக்கிப் பார்க்கும். வலையில் எவ்வளவு நிற்கிறதோ, அந்தக் கூட்டத்துக்குக் கழியில் அவ்வளவு இடம்.

பொடிகளை யாரும் அதுவரை வலைக்குக் கூப்பிட்டதில்லை. புல்காட்டுக்குள் யாரும் கூட்டமாகப் போய் மேயவும் கூடாது என்று இருந்தது. ஏன் கூடாது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்த வருஷம் சாளை மீன்களின் தலைவன் வெள்ளையன் முன்னால் வந்தான்.

"நாட்டாமை ஐயா! இவ்வளவு பெரிய புல்காடு யாருக்கு ஐயா?"

"பொடிகளுக்குத்தான்."

"அதுங்களை மட்டும் ஏன் அளக்கிறதில்லை? அதுங்க என்ன உங்க மாமன் மச்சானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நாட்டாமைக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி, அளந்துடுவோம்!" என்றார்.

முதலில் சாளைகள் புகுந்தன. வலை புடைத்துக்கொண்டது. இறால்கள் புகுந்தன. வலை பாதி நிறைந்தது. கடற்குதிரைகள் வந்தபோது பவளாயி யாரும் சொல்லாமலே வலையை வாலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயம்தான். அதனால் அவள் இனத்துக்கும் கொஞ்சம் இடம் கிடைத்தது.

கடைசியில் பொடிகள் வந்தன. கூட்டம் கூட்டமாக வந்தன. புகை போல வந்தன. வலையின் இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டன.

நண்டு வலையைத் தூக்கிப் பார்த்தது. உதறிப் பார்த்தது.

"ஐயா, ஒண்ணுமே நிக்கலை!"

"இருந்தாத்தானே நிக்கும்!" என்று வெள்ளையன் கத்தினான்.

நாட்டாமை தீர்ப்புச் சொன்னார். "வலையில நிக்காதவங்களுக்கு இடம் எதுக்கு? புல்லை நண்டுகள் வெட்டி வளை கட்டிக்கலாம். உள்ளே இருக்கிறதைச் சாளைகள் மேய்ஞ்சுக்கலாம்!"

சாளைகள் கொழுத்தால் அவற்றைத் தின்னும் தனக்கும் நல்லதுதான் என்று அவர் நினைத்தார். அதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

பவளாயி நடுங்கிக்கொண்டே முன்னால் வந்தாள்.

"ஐயா, எங்க பிள்ளைங்க பொறந்ததும் பொடிங்களோட குஞ்சுகளைத்தான் சாப்பிடும். வேற எதுவும் அதுங்க வாயில நுழையாது. ஒரு நாள் பட்டினி கிடந்தாக்கூட செத்துப்போயிடும் ஐயா!"

"அப்போ வாயைப் பெரிசா வெச்சுப் பெத்துக்கோ!" என்றார் நாட்டாமை.

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். சங்கிலிகூடச் சிரித்துவிட்டான். பவளாயி முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

அன்றைக்கே வேலை தொடங்கியது. நண்டுகள் கொடுக்கால் புல்லை வேரோடு வெட்டின. சாளைகள் வாயைத் திறந்துகொண்டு வரிசை வரிசையாக உள்ளே ஓடின. போகும்போது ஒரு வாய், திரும்பும்போது ஒரு வாய். மூட்டை சுமந்த தாய்மார்களும் போனார்கள், குஞ்சுகளும் போயின. சாயங்காலத்துக்குள் கழித் தண்ணீர் கண்ணாடி போல ஆகிவிட்டது.

"பாத்தீங்களா! இப்போதான் கழி சுத்தமா இருக்கு!" என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள்.

மூழ்கிய படகின் அடியில் மட்டும் ஒரு கொத்துப் புல் மிச்சம் இருந்தது. இரண்டு பலகைகளுக்கு நடுவில் இருந்ததால் நண்டின் கொடுக்கு எட்டவில்லை. இடுக்கு மிகவும் குறுகல் என்பதால் சாளைகள் உள்ளே வரவில்லை. பவளாயி சங்கிலியை அங்கே இழுத்துக்கொண்டு வந்து, அந்தக் கொத்தை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் அவளுக்குப் பசித்தது. கண்ணை உருட்டிப் பார்த்தாள். அவள் மூக்குக்கு நேராக எள்ளாயி நின்றுகொண்டிருந்தாள். அவள் பின்னால் கைப்பிடி அளவுப் பொடிகள் நடுங்கிக்கொண்டு நின்றன.

கடற்குதிரை குறி வைத்தால் தப்பவே தப்பாது. அந்தக் குழாய் மூக்கால் ஒரே உறிஞ்சு. 'டுக்' என்று சத்தம் கேட்கும். அவ்வளவுதான்.

"அக்கா, உங்க மூக்கு என்னையே பாக்குது," என்றாள் எள்ளாயி.

"எனக்குப் பசிக்குதே எள்ளாயி!"

"தெரியுது. எனக்கும் ஒளிய வேற இடம் கிடைக்கலை. இல்லேன்னா உங்க மூக்குக்கு முன்னாடியா வந்து நிப்பேன்?"

பவளாயிக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னிக்கு உங்களைத் தின்னுட்டா, என் பிள்ளைங்க பொறந்ததும் எதைத் தின்னும்? அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு!"

"அப்போ ஒண்ணு செய்யுங்க. மூட்டை சுமக்கிறவங்களை மட்டும் விட்டுடுங்க. மூட்டை இல்லாதவங்களை அளவா சாப்பிடுங்க. எங்க மூட்டை பிரியட்டும். அப்புறம் பாருங்க."

"மூட்டை இல்லாதவங்கன்னா, உன் வீட்டுக்காரரையுமா?"

"அவர் நேத்தே சாளை வாயில போயிட்டார் அக்கா."

பவளாயி எள்ளாயியை விட்டு மூக்கைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சங்கிலிதான் கேட்டான்.

"ஏம்மா, நீங்க இருக்கிறதே ஒரு கைப்பிடி. திரும்பக் கூட்டமாக எத்தனை வருஷம் ஆகும்?"

எள்ளாயி சிரித்தாள். "வருஷமா? அண்ணே, வானத்துல பாதி நிலா தெரியுது பாருங்க. அது முழுசாகறதுக்குள்ள, இன்னிக்குப் பொறக்கிற பிள்ளை தாயாகி மூட்டை கட்டிக்கும்!"

"பாதி நிலா முழுசாகறதுக்குள்ளயா!" பவளாயி வாயைப் பிளந்தாள். "இவர் வயித்துல இருக்கிறது வெளியே வரவே அதைவிட நாளாகும்!"

"நீங்க பெரிய உடம்புக்காரங்க அக்கா. சின்ன உடம்பைக் கட்டி முடிக்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது? அதுலயும் தண்ணி நல்லா சூடா இருக்கு. சூடு இருந்தா நாங்க நிக்கவே மாட்டோம்!"

பவளாயிக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் நம்பாமல் தின்றுவிடவும் பயமாக இருந்தது. மூட்டை சுமந்தவர்கள் எதிரே வந்தபோதெல்லாம் மூக்கைத் திருப்பிக்கொண்டாள். சங்கிலியின் மூக்கையும் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

"அந்தம்மாவைப் பாக்காதீங்க!"

"சும்மாதான் பாத்தேன்!"

"சும்மாகூடப் பாக்காதீங்க!"

வெளியே என்ன நடந்தது தெரியுமா? சாளைகள் மறுநாளும் வாயைத் திறந்துகொண்டு ஓடின. வாயில் தண்ணீர்தான் நிறைந்தது.

"நேத்து இருந்துதே!" என்றது ஒரு சாளை.

"நேத்து இருந்ததைத்தான் நேத்தே தின்னுட்டியே!" என்றது இன்னொன்று.

இன்னொரு கஷ்டமும் வந்தது. பொடிகள் தினமும் மேய்ந்துகொண்டிருந்த பாசித் துகள்களை இப்போது மேய ஆளில்லை. அவை பெருகிப் பெருகிக் கண்ணாடித் தண்ணீரைப் பச்சையாக்கின. பிறகு கூழாக்கின. தண்ணீர் நாறியது. மூச்சு முட்டியது. நண்டுகள் வெட்டிக் கட்டின வளையை விட்டுவிட்டுக் கரையேறி உட்கார்ந்துகொண்டன. சாளைகள் முள்ளும் தோலுமாக இளைத்தன. அவற்றைத் தின்ற நாட்டாமையின் தொண்டையில் முள்தான் குத்தியது.

நாட்டாமை பசியோடு கழியைச் சுற்றிச் சுற்றி வந்தார். படகின் அடியில் எட்டிப் பார்த்தார். பலகை இடுக்கில் அவருடைய ஒரு கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

"அடடே, சங்கிலி! வயிறு நல்லா வளந்திருக்கே!"

சங்கிலி ஒரு பலகைக்குப் பின்னால் ஒதுங்கினான். பலகைகள் உளுத்துப் போனவை. நாட்டாமை வாலால் ஓங்கி ஒரு அடி அடித்தால் உடைந்துவிடும். அது அவருக்கும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் பயப்படும் பவளாயி என்ன செய்தாள்? அப்போதும் பயந்தாள். பயத்தில் வால் இன்னும் இறுகியது. ஆனால் வாய் திறந்துகொண்டது.

"ஐயா, எங்களைத் தின்னா உங்களுக்கு ஒரு வாய்கூடக் காணாது! பலகை உடைஞ்சா இந்தப் பொடிங்களும் போயிடும். அப்புறம் மழை வரைக்கும் உங்களுக்கு ஒண்ணுமே கிடையாது!"

"பொடிங்களா? வலையில நிக்காததை நம்பச் சொல்றியா?"

"நம்ப வேண்டாம் ஐயா. நிலா முழுசாகற வரைக்கும் காத்திருங்க. அது போதும். அதுவரைக்கும் இந்தப் பக்கம் யாரையும் விடாதீங்க. அதுக்கப்புறமும் ஒண்ணும் இல்லேன்னா, இந்தப் பலகை எங்கேயும் ஓடிப்போகாது. நாங்களும்தான்."

நாட்டாமை யோசித்தார். வயிறு கத்தியது. ஆனாலும், ஒரு வாய்க்காகப் பலகையை உடைத்துத் தலையில் அடிபடுவானேன் என்று நினைத்திருக்க வேண்டும். "நிலா முழுசாகற வரைக்கும்தான்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் நான் சரியாகச் சொல்ல வேண்டும்.

முதலில் எள்ளாயியின் மூட்டைகள் பிரிந்தன. குஞ்சுகள் கொட்டின. கண்ணுக்குத் தெரியாத எள்ளாயிக்குக் கண்ணுக்குத் தெரியாத பிள்ளைகள். அடுத்த நாளே எள்ளாயி புது மூட்டைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்! பக்கத்தில் நின்றவளின் மூட்டைகளும் பிரிந்தன. அவளுக்குப் பக்கத்தில் நின்றவளுக்கும் பிரிந்தன. குஞ்சுகள் பச்சைத் துகள்களைத் தின்றன. தோலை உரித்துப் போட்டுவிட்டுக் கொஞ்சம் வளர்ந்தன. மறுபடி தின்றன, மறுபடி உரித்தன. தூங்கி எழுந்து பார்க்கும்போதெல்லாம் பவளாயிக்குப் புது முகமாக இருந்தது.

நிலா முழுசான அன்று காலையில் நாட்டாமை வந்தார். அப்போதுதான் ஏறின வெயில், பலகை இடுக்கு வழியாகச் சாய்வாக ஒரு கோடு போல உள்ளே விழுந்தது.

அந்த வெயில் கோட்டைப் பவளாயி பார்த்தாள். நாட்டாமையும் பார்த்தார்.

கோடு முழுக்க உயிர்! கூடத்தில் விழும் வெயிலில் தூசி பறக்குமே, அது போல. ஆனால் அந்தத் தூசி ஒவ்வொன்றுக்கும் ஒரு கண் இருந்தது. ஒவ்வொன்றும் துடுப்பு வீசித் தாவியது. ஒவ்வொன்றும் மின்னியது. ஒரு கோடு வெயிலிலேயே இவ்வளவு என்றால், வெயில் படாத இருட்டில் எவ்வளவு இருக்கும்! பவளாயிக்கு உடம்பு சிலிர்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருத்தியின் மூட்டை பிரிந்தது. அந்த மின்னலுக்குள் இன்னும் கொஞ்சம் மின்னல் சேர்ந்தது.

நாட்டாமையின் வாய் திறந்தது. கடிப்பதற்காக இல்லை. அவர் மெதுவாகப் பின்னால் நகர்ந்தார். வாலை ஆட்டினால்கூட ஏதாவது உடைந்துவிடுமோ என்பது போல நகர்ந்தார்.

"வெள்ளையா!" என்று வெளியே அவர் குரல் கேட்டது. "இந்தப் பக்கம் ஒருத்தன் வாயைத் திறக்கக் கூடாது! திறந்தா அந்த வாய் என் வாய்க்குள்ள இருக்கும்!"

அதற்குப் பிறகு அது படகுக்குள் அடங்கவில்லை. உலை கொதித்து மூடியைத் தள்ளுவது போலப் பொடிகள் இடுக்கு வழியாகப் பொங்கி வெளியே வந்தன. பச்சைக் கூழைத் தின்றுகொண்டே போயின. அவை போன வழியெல்லாம் தண்ணீர் தெளிந்தது. கழியின் நாற்றம் குறைந்தது. நண்டுகள் கரையிலிருந்து இறங்கின. நிலா தேய்ந்து மறுபடி பாதியான அன்று, நாட்டாமை சாளைகளுக்கு மேய அனுமதி கொடுத்தார். சாளைகள் படகை விட்டுத் தூரத்தில் நின்று, வெளியே வழிந்ததை மட்டும் மேய்ந்தன. மேய்ந்தும் குறையவில்லை!

அன்று காலையில்தான் சங்கிலிக்கு வலி எடுத்தது.

"அடியே, பிள்ளைங்க வருது!"

"மெதுவா! மெதுவா!"

"அதுங்க கிட்டச் சொல்லுடி!"

வயிற்றுப் பை சுருங்கிச் சுருங்கிப் பிள்ளைகளை வெளியே தள்ளியது. நூல் துணுக்கு போலக் கடற்குதிரைக் குட்டிகள் பறந்து வந்தன. முதல் குட்டி ஒரு புல்லை வாலால் பிடித்தது. கண்ணை உருட்டியது. மூக்கை நீட்டியது. டுக்! அடுத்ததும் டுக்! பிறகு படகுக்கு அடியெல்லாம் டுக், டுக், டுக் என்று மழைத்துளி போலச் சத்தம். பவளாயி அதைக் கேட்டுக்கொண்டே அழுதாள்.

நாட்டாமை எல்லோரையும் கூட்டினார். "நண்டு! வலையைத் தூக்கு. பொடிங்களை மறுபடி அளந்து பாப்போம்!"

பொடிகள் வலைக்குள் புகுந்தன. வெகு நேரம் புகுந்துகொண்டே இருந்தன. நண்டு எதையோ மென்றுகொண்டே வலையைத் தூக்கியது.

"ஐயா, இப்பவும் ஒண்ணும் நிக்கலை!"

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோர் வயிறும் நிறைந்திருந்தது. காலி வலை தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"வலையோட கண்ணி பெரிசு," என்றார் நாட்டாமை தாழ்ந்த குரலில். "அதுவும் இல்லாம, தூக்குற நேரத்துல நிக்கிறதைத்தான் வலை காட்டும். வந்துக்கிட்டே இருக்கிறதைக் காட்டாது. இறக்குடா அதை! இனிமே எவனும் புல்லுல கொடுக்கு வைக்கக் கூடாது!"

பவளாயி நன்றி சொல்ல எள்ளாயியைத் தேடினாள். இரண்டு மூட்டையோடு போன ஒருத்தியை நிறுத்தினாள்.

"எள்ளாயி எங்கேம்மா?"

"எந்த எள்ளாயி? எங்க அம்மாவைப் பெத்தவளா? அவ போய்ச் சேந்தாச்சே!"

சங்கிலி ஒரு தடவை வயிறு நிறைந்து குறைவதற்குள், அங்கே அம்மா, மகள், பேத்தி என்று எல்லாம் நடந்து முடிந்திருந்தது!

"உன் பேர் என்னம்மா?"

"எள்ளாயிதான். வழியை விடுங்க அக்கா, வேலை இருக்கு!"

மழை வந்தது. மணல் கரைந்து முகத்துவாரம் திறந்தது. புல்காடும் மெல்ல மெல்லத் துளிர்த்தது. பவளாயியின் பயம் மட்டும் போகவில்லை. நீரோட்டத்துக்கும் மேகத்துக்கும் இன்னும் பயந்தாள். பிழைத்திருக்க அவள் கடைசியில் செய்தது ஒன்றுதான். எவ்வளவு பசித்தாலும், மூட்டை சுமந்தவள் எதிரே வந்தால் மூக்கைத் திருப்பிக்கொண்டு வழி விட்டாள். தன் பிள்ளைகளின் மூக்கையும் ஒவ்வொன்றாகப் பிடித்துத் திருப்பி, அதையே பழக்கிவிட்டாள்.

நம் அளவுக்குள் அகப்படவில்லை என்பதால் சிறியவர்களை ஒன்றுமில்லாதவர்கள் என்று தள்ளிவிடக் கூடாது. நாளைக்கும் நமக்குச் சோறு கிடைப்பது, நிற்காமல் பெருகிக்கொண்டிருக்கும் அவர்களால்தான்.